விரல் போன பிறகும் வாசித்தவர்கள்

1/ டாக்டருக்கு கிட்டார்ல என்ன வேலைன்னு கேப்பீங்க. எனக்குப் பிடிச்ச அஞ்சு கிட்டாரிஸ்ட்டுகளைப் பத்தின த்ரெட் இது. ஜாஸ், பாப், ராக், ஹெவி மெட்டல்னு வேற வேற பாணி. ஆனா அஞ்சு பேருக்கும் ஒரு கேஸ் ஷீட் உண்டு. கடைசி வரை படிங்க, உங்க வீட்டுக்கும் உதவும்.

2/ முதல்ல ஒரு சின்ன அனாட்டமி. வலது கைப் பழக்கம் உள்ளவர் கிட்டார் வாசிக்கும்போது வலது கை கம்பியை மீட்டும். இடது கையின் நாலு விரல்கள் கம்பியை அழுத்தி ஸ்வரம் பிடிக்கும். அந்தக் கட்டைவிரல் பெரும்பாலும் பின்னால தாங்கிப் பிடிக்கத்தான். அந்த நாலுல ரெண்டு போயிட்டா?

3/ ஜாங்கோ ரெய்ன்ஹார்ட். பெல்ஜியத்தில் பிறந்த ரோமானி ஜாஸ் கலைஞர். 1928-ல், 18 வயசுல, பாரிஸ் அருகே அவர் தங்கியிருந்த கேரவன் தீப்பிடித்தது. உள்ளே விற்பனைக்கு வச்சிருந்த செல்லுலாய்டு பூக்கள், மெழுகுவர்த்தியிலிருந்து பற்றியது. இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கியபடி நின்றுவிட்டன.

4/ தீக்காயம் ஆறும்போது தழும்பு சுருங்கி மூட்டை இழுத்துப் பிடிக்கும். இதை கான்ட்ராக்சர் என்போம். ஜாங்கோ சுமார் ஒன்றரை வருஷம் போராடி, ஆள்காட்டி விரல், நடு விரல் ரெண்டை மட்டும் வச்சு சோலோ வாசிக்கப் பழகினார். மடங்கிய விரல்களையும் சும்மா விடல. சில கார்டுகளுக்கு அவற்றையும் பயன்படுத்தினார்.

5/ டோனி அயோமி, பிளாக் சபாத். பர்மிங்காம்ல தகரத் தொழிற்சாலை வேலை. 17 வயசு, வேலையின் கடைசி நாள். மிஷின்ல வலது கையின் ரெண்டு விரல் நுனி போச்சு. அவர் இடது கைக்காரர். அதாவது போனது கம்பியை அழுத்த வேண்டிய கை!

6/ மனசு உடைஞ்சு கிடந்தவருக்கு ஃபேக்டரி மேலாளர் ஒரு ரெக்கார்டு போட்டுக் காட்டினார். யாருடையது? ஜாங்கோவுடையது. அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செஞ்சார், மேல தோல் ஒட்டினார். மெல்லிய கம்பி போட்டார், பிறகு சுருதியையும் இறக்கினார். ஹெவி மெட்டலின் அந்தக் கனமான சத்தத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

7/ லெஸ் பால். 1948-ல் கார் விபத்து, வலது முழங்கை நொறுங்கியது. இனி மடக்க முடியாது, ஒரே கோணத்தில்தான் நிற்கும் என்ற நிலை. கிட்டாரைப் பிடிக்கிற கோணத்திலேயே வச்சு விடச் சொன்னார்! 90 வயசைத் தாண்டியும் மேடையில் வாசித்தார். எந்த மூட்டை எந்தக் கோணத்தில் நிறுத்தணும்னு முடிவெடுக்க, நோயாளி என்ன வேலை பார்க்கிறார்னு டாக்டருக்குத் தெரியணும். தயங்காம சொல்லுங்க.

8/ ஜெர்ரி கார்சியா, கிரேட்ஃபுல் டெட். 4 வயசுல விறகு வெட்டும்போது அண்ணன் கை தவறி, வலது நடு விரலின் பெரும்பகுதி போச்சு. கிட்டார் மட்டுமல்ல, பாஞ்சோவும் வாசித்தார்.

9/ பாட் மார்ட்டினோ, ஜாஸ். இவருக்குக் கையில் பிரச்சினை இல்லை; மூளை ரத்தக் குழாயில். 1980-ல் ஆபரேஷன், நினைவு போனது, கிட்டாரும் மறந்தது. தன்னுடைய பழைய ரெக்கார்டுகளைக் கேட்டே திரும்பக் கத்துக்கிட்டார். 1987-ல் மறுபடி ஆல்பம் பதிவு செய்தார்.

10/ இதை ஏன் சொல்றேன்னா, லேத், கரும்பு ஜூஸ் மிஷின், பட்டாசுன்னு விரல் அடிபட்டு வர்றவங்க முதல்ல கேக்கிறது "இனிமே வேலை பார்க்க முடியுமா சார்?" எல்லாரும் ஜாங்கோ ஆகிடலாம்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா தையல் பிரிச்சதும் பலர் வர்றதே இல்லை. நிஜமான வைத்தியம் அங்கதான் ஆரம்பிக்குது.

11/ அரசு மருத்துவமனையில் பிசியோதெரபிக்குப் பணம் இல்லை. ஆனா பஸ் காசும் ஒரு நாள் கூலியும் போகும். புரியுது. அதனால தினமும் வர முடியாதுன்னு வெளிப்படையா சொல்லி, வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சியைக் கேட்டு வாங்கிக்கோங்க. விறைச்சுப் போன மூட்டைப் பிறகு சரி செய்யறது ரொம்பக் கஷ்டம்.

12/ ஞாபகம் வச்சுக்கோங்க:
தீக்காயமா? 20 நிமிஷம் ஓடுற குழாய்த் தண்ணீர். மோதிரத்தை உடனே கழட்டுங்க. பேஸ்ட், இங்க் வேண்டாம்.
விரல் துண்டானதா? காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திக் கட்டுங்க. துண்டை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸ் மேல வையுங்க. ஐஸ் நேரடியாகப் படக் கூடாது. உடனே பெரிய மருத்துவமனைக்குக் கிளம்புங்க.

13/ இன்னைக்கு ராத்திரி ஜாங்கோவின் "மைனர் ஸ்விங்" கேளுங்க. 1937 ரெக்கார்டிங். கேட்டு முடிச்சதும், கை அடிபட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிற யாராவது தெரிஞ்சா அவங்களுக்கும் அனுப்புங்க.