பித்தளை லென்ஸைத் தேய்க்காதீர்கள்



ஓசூரிலிருந்து மாணவன் ஒருவன் தன் தாத்தாவின் ஸ்டுடியோ கேமரா லென்ஸைக் கொண்டுவந்து காட்டினான். பித்தளைக் குழல். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் புளி போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். பளபளக்கிறது, தயாரித்தவர் பெயர்தான் பாதி அழிந்துவிட்டது.

அந்தப் பெயரும் எண்ணும்தான் லென்ஸின் பிறப்புச் சான்றிதழ். குழலின் நடுவே வெட்டு இருக்கிறதா பாருங்கள். துளையிட்ட தகட்டை அதில் செருகி வெளிச்சத்தைக் குறைப்பார்கள். 1858-இல் வந்த முறை. நம் ராயக்கோட்டையை லின்னேயஸ் டிரைப் எடுத்த படங்கள் தொகுப்பாக வெளியானதும் அதே ஆண்டுதான்!

பாலிஷ் போட்டால் பழைய அரக்குப் பூச்சு போய்விடும். தூசி தட்டி, மெல்லிய துணியால் துடைத்தாலே போதும். ஓரத்தில் மஞ்சளாகத் தெரிந்தால், கண்ணாடிகளை ஒட்டிய கனடா பால்சம் பிசின் பழுத்திருக்கும், கைதேர்ந்தவரிடம் கொடுங்கள்.

உங்கள் வீட்டுப் பரணில் இப்படி ஒன்று இருந்தால், எடைக்குப் போடுமுன் எனக்கு ஒரு படம் அனுப்புங்கள்.