ஆறு கிழமையில் உடைந்த ஃப்ரீவீல்

ட்ரயல்ஸ் சைக்கிள் என்றதும் பலர் ரேஸ் சைக்கிளை நினைக்கிறார்கள். அதில் வேகத்துக்கு வேலையே இல்லை. சீட்டும் பேருக்குத்தான், சில சைக்கிளில் அதுவும் இருக்காது. நின்ற இடத்தில் நிற்க வேண்டும், பின்சில்லில் மட்டும் சமாளிக்க வேண்டும், ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குப் பாய வேண்டும். கால் நிலத்தில் படக்கூடாது. ஸ்பெயினின் கட்டலோனியாவில் பெரே பி என்ற மோட்டார் சைக்கிள் ட்ரயல்ஸ் வீரர் தன் மகனுக்காக இதைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தார். அந்த மகன் ஒட் பி பிறகு உலகச் சம்பியன் ஆனார். எங்கள் காலத்துப் பிள்ளைகளுக்கு இது வந்து சேர்ந்த வழி வேறு. 2009 இல் ஸ்கொட்லாந்தில் ஒரு சைக்கிள் கடை மெக்கானிக், டனி மெகஸ்கில், எடின்பரோ தெருக்களில் மதிலிலும் வேலியிலும் சைக்கிள் ஓடிய ஒரு வீடியோ வெளியானது. நாங்கள் அதைப் பல வருசம் கழித்து, கீறல் விழுந்த ஒரு ஃபோனில், மூன்று தலையை ஒன்றாக ஒட்டி வைத்துப் பார்த்தோம். கடை மெக்கானிக் என்பதுதான் எங்களுக்குப் பிடித்த விசயம்.

நாங்கள் மூன்று பேர். இரண்டு பேர் கலைப்பீடம், ஒருத்தன் புத்தளம் டவுனில் வெல்டிங் கடையில் வேலை. மூன்று பேருக்கும் ஒரு சைக்கிள். அதன் பிறப்பு 2022. பெற்றோல் இல்லாத அந்த மாதங்களில் ஊரில் சும்மா கிடந்த சைக்கிள் எல்லாம் வெளியே வந்தது, எங்களில் ஒருத்தனின் வாப்பா மீன் விற்கும் சைக்கிள் உட்பட. அதற்கு முன் அவர் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவர். கியூஆர் கோட் வந்து கிழமைக்கு இத்தனை லீற்றர் என்று ஆனதும் மோட்டார் சைக்கிள் திரும்ப ஓடியது, மீன் சைக்கிள் திரும்ப மதிலில் சாய்ந்தது. ஒரு பழைய மவுண்டன் சைக்கிளின் ஃபிரேமும் சில்லும் எங்களிடம் இருந்தன. ஃப்ரீவீலை மீன் சைக்கிளில் இருந்து கழற்றிப் போட்டோம். மரை ஒன்றேதான். 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 சுற்று என்ற அளவு அநேகமான ஒற்றைக் கியர் சைக்கிளுக்குப் பொருந்தும். அந்த வகையில் இது ஒரு நல்ல உலகம்.

ஃப்ரீவீல் என்ன செய்கிறது என்று ஒருமுறை சொல்லிவிடுகிறோம். பெடலை முன்னுக்கு மிதித்தால் அது பின்சில்லைப் பிடித்து இழுக்கும். மிதிப்பதை நிறுத்தினால் சில்லு தன் பாட்டில் உருளும், பெடல் சும்மா நிற்கும். உள்ளே ஒரு பல்வளையம், அதில் மாட்டிக்கொள்ளும் இரண்டு மூன்று சின்ன இரும்பு நாக்குகள், நாக்கைத் தூக்கிப் பிடிக்க மயிர் போல ஒரு ஸ்பிரிங், சுற்றிவர இரண்டு வரிசைச் சின்னக் குண்டுகள். அவ்வளவுதான். பின்னுக்குச் சுற்றும்போது கேட்கிற அந்தக் கிடுகிடு சத்தம் நாக்குகள் பல்லில் ஏறி விழுகிற சத்தம். நுரைச்சோலைப் பக்கமிருந்து காற்றோடு திரும்பி வருகிற மீன்காரருக்கு அது ஆறுதல், அவ்வளவு தூரம் காலுக்கு ஓய்வு. ட்ரயல்ஸ் ஓடுகிறவனுக்கு அது வேறு. ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் முன் பெடலைப் பின்னுக்குச் சுற்றி, நல்ல கால் சரியான உயரத்தில் வரும்படி வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒரே மிதி. அந்த ஒரு மிதியில் நாக்கு பிடித்தே ஆகவேண்டும்.

வாப்பாவின் சைக்கிளில் பல வருசம் ஓடிய ஃப்ரீவீல் எங்களிடம் ஆறு கிழமைதான் ஓடியது.

அன்றைக்கு களப்புக் கரையில், அரிப்புக்குப் போட்ட கருங்கல் மேல், எங்களில் ஒருத்தன் பின்சில்லில் நின்று மிதித்தான். நாக்கு பிடிக்கவில்லை. பெடல் வெறுமையாகக் கீழே போனது, ஆள் முன்னுக்குப் போனான், நாடி ஹாண்டிலில். கீழ் உதட்டில் நாலு தையல், ஒரு பல் ஆட்டம். அவன் உம்மா எங்களுக்குத் தேத்தண்ணி தந்தார், ஏசவும் இல்லை. கப்பை எடுத்துக்கொண்டு போகும்போது மட்டும், "மகன், அந்த சைக்கிள் இனி இந்த வீட்டுக்கு வரக்கூடாது" என்றார். சைக்கிள் நிற்பது அவர்கள் வீட்டில்தான். எங்கள் மற்ற இரண்டு வீட்டிலும் அதற்கு இடம் இல்லை.

ஏன் உடைந்தது என்று விளக்கியவர் சைக்கிள் கடை நானா. 1990 இல் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது சின்னப் பிள்ளையாக இங்கே வந்தவர். வாப்பாவும் அவரும் முதலில் ஒரு மரத்தடியில்தான் பங்சர் ஒட்டினார்களாம். அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார், சைக்கிள் பற்றி என்றால் நிறுத்தமாட்டார். ஃப்ரீவீலைக் கையில் எடுத்துக் காதில் வைத்துச் சுற்றிப் பார்த்தார். பிறகு எங்கள் சைக்கிளின் முன் பல்சக்கரத்தைப் பார்த்தார். "தம்பி, இது மீன் சைக்கிளுக்குப் போதும். நீங்க பாயுறதுக்கு இது காணாது" என்றார்.

மீன் சைக்கிளில் எவ்வளவு பாரம், நாங்கள் எவ்வளவு பாரம் என்று கேட்டோம். பின்னால் ரெஜிபோம் பெட்டி நிறைய மீனும் ஐஸும் அல்லவா? அவர் சிரித்துவிட்டு, பாரம் சில்லுக்கு, ஃப்ரீவீலுக்கு மிதிதான் பாரம் என்றார். வீட்டுக்கு வந்து கொப்பியில் கணக்குப் போட்டோம். கலைப்பீடத்துக்காரர்கள் போட்ட கணக்கு, ஆனால் சரி.

மீன் சைக்கிளில் முன்னுக்கு 44 பல், பின்னுக்கு 18 பல். எங்களுடையதில் முன்னுக்கு 22. பழைய கியர் சைக்கிள் கிராங்கில் ஆகச் சின்னச் சக்கரத்தை வைத்துக்கொண்டோம், ஏனென்றால் நின்ற இடத்திலிருந்து ஒரு மிதியில் சைக்கிளைத் தூக்க 44 பல்லால் முடியாது. 65 கிலோ ஆள் ஒருத்தன் 17 சென்ரிமீற்றர் கிராங்கில் ஏறி நின்றால் அச்சில் 108 நியூட்டன் மீற்றர் முறுக்கு. அது 44 பல்லுக்குச் செயின் வழியாகப் பின்னால் போகும்போது 44 நியூட்டன் மீற்றராகக் குறைகிறது. 22 பல்லில் 88. அதாவது முன்சக்கரத்தைப் பாதியாக்கியதால் அதே ஆள், அதே கால், அந்தச் சின்ன நாக்குகளுக்கு இரண்டு மடங்கு அடி. அதுவும் சும்மா ஏறி நிற்கும்போது. பாயும்போது இன்னும் கூட.

இன்னொன்றும் இரண்டு மடங்காகிறது. எங்கள் ஃப்ரீவீலில் சோக்கால் ஒரு கோடு போட்டு, ஒரு முழுச் சுற்றுக்கு எத்தனை கிளிக் என்று எண்ணினோம்: 20. அப்படியென்றால் நாக்கு அடுத்த பல்லைப் பிடிக்க அதிகபட்சம் 18 பாகை சும்மா சுற்ற வேண்டும். 44 பல் சைக்கிளில் அது பெடலில் 2 சென்ரிமீற்றர். மீன்காரர் அதைக் கவனிக்கவே மாட்டார். 22 பல்லில் 4 சென்ரிமீற்றருக்கு மேல். அந்த 4 சென்ரிமீற்றரும் கால் காற்றில் விழுந்து, வேகமெடுத்து, பிறகுதான் நாக்கில் மோதுகிறது. ஒவ்வொரு மிதியும் ஒரு சுத்தியல் அடி. ஆறு கிழமை தாங்கியதே பெரிய காரியம் என்று தோன்றியது. அந்த ஃப்ரீவீல் மேல் எங்களுக்குக் கொஞ்சம் மரியாதையும் வந்துவிட்டது.

நானா அதைத் திறந்து காட்டினார். மூடி இடது மரை, எல்லாரும் கழற்றுகிற பக்கம் சுற்றினால் இன்னும் இறுகும். ஒரு தட்டில் பழைய துணி விரித்து அதன்மேல் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் குண்டுகள் கட்டிலுக்கடியில் போய்விடும். உள்ளே ஒரு நாக்கின் நுனி மழுங்கி வட்டமாகியிருந்தது. மற்றது கறள் பிடித்து அதன் குழியிலேயே ஒட்டிக்கிடந்தது, ஸ்பிரிங் தள்ளினாலும் எழும்பாது. அப்படியென்றால் கடைசி நாட்களில் நாங்கள் ஒற்றை நாக்கில் பாய்ந்திருக்கிறோம்.

கறள் என்பது எங்கள் ஊர்க் கதை. நாட்டுக்கு உப்புக் கொடுக்கிற ஊர், சைக்கிளுக்கும் தாராளமாகத்தான் கொடுக்கிறது. களப்பு ஒரு பக்கம், உப்பளம் ஒரு பக்கம், மே மாதம் தொடங்கினால் கற்பிட்டியில் வெள்ளைக்காரர் பட்டம் கட்டிக் கடலில் பறக்கிற அளவுக்குக் காற்று. உப்பு, காற்றில் ஈரம் ஏறினால் அதை உறிஞ்சித் தானே கரைகிற சாமான். காற்றின் ஈரப்பதன் 75 வீதம் தாண்டினால் இது நடக்கும். குசினியில் உப்புப் போத்தல் கசிவது இதனால்தான். பகலில் காய்ந்த தூளாக ஃப்ரீவீலின் இடுக்கில் போய் உட்கார்ந்தது, இரவில் உப்புத் தண்ணியாகிறது. சைக்கிளைக் கடலில் இறக்காமலே கடல் உள்ளே வந்துவிடும்.

அதனால் பராமரிப்பு என்று நாங்கள் செய்வது இது. கரையில் ஓடிய அன்றைக்கே நல்ல தண்ணியால் கழுவி வெயிலில் காய விடுவது. எங்கள் கிணற்றுத் தண்ணி உவர், அதால் கழுவி பிரயோசனம் இல்லை, பீலியில் பிடித்த மழைத் தண்ணி இருந்தால் நல்லம். குழாயைப் பீச்சி அடிக்கக்கூடாது, மண் உள்ளே போகும். கிழமைக்கு ஒருமுறை சைக்கிளைச் சரித்துப் படுக்கவைத்து, ஃப்ரீவீலில் சுற்றுகிற பகுதிக்கும் சுற்றாத பகுதிக்கும் இடையிலுள்ள மெல்லிய இடுக்கில் நாலு சொட்டு எண்ணெய் விட்டு, பின்னுக்குச் சுற்றிக்கொண்டிருப்பது. சத்தம் கரகரப்பாக இருந்தால் முதலில் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, கறுப்புத் தண்ணி நின்ற பிறகு எண்ணெய்.

என்ன எண்ணெய் என்பதில் சண்டை உண்டு. தையல் மெஷின் எண்ணெய் தான் சரி, மெல்லியது, நாக்கு சட்டென்று எழும்பும். கிறீஸ் அடித்தால் சத்தம் அடங்கி விலைகூடிய சைக்கிள் போல இருக்கும், ஆனால் தடித்த கிறீஸில் நாக்கு சோம்பேறியாகிவிடும். ட்ரயல்ஸில் சத்தமில்லாத ஃப்ரீவீலை நம்பக்கூடாது. குண்டுகளுக்கு மட்டும் துளி கிறீஸ் போடலாம். தேங்காய் எண்ணெயும் சிலர் விடுகிறார்கள், தென்னை முக்கோணத்தில் பிறந்த பழக்கம். அது 24 பாகைச் செல்சியசுக்குக் கீழே உறையத் தொடங்கும், நாளாக நாளாகப் பிசுபிசுத்து மண்ணையும் சேர்த்துக்கொள்ளும். தலைக்கே வைப்போம்.

புதிதாக எதை வாங்குவது? கடையில் கிடைப்பவை ஆயிரத்துச் சொச்சம் ரூபா. அதிலும் தெரிவு இருக்கிறது. கையில் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும், அதிகம் தள்ளாடினால் வைத்துவிட வேண்டும். ஒரு சுற்றுக்கு எத்தனை கிளிக் என்று எண்ண வேண்டும், கடைக்காரர் விசித்திரமாகப் பார்ப்பார், பரவாயில்லை. கழற்றும் சாவி மாட்ட இரண்டு வெட்டு இருப்பதைவிட நாலு வெட்டு இருப்பது நல்லது, ஏனென்றால் எங்கள் மிதிக்கு அது மரையில் இறுகிப்போய்விடும், இரண்டு வெட்டு உடைந்தால் பிறகு அழிவுதான். பூட்டும்போது மரையில் கிறீஸ் பூசாமல் பூட்டவே கூடாது. இதெல்லாம் சரியாகச் செய்தாலும் அது ஆறு கிழமைக்குப் பதில் நாலு மாதம் ஓடும், அவ்வளவுதான்.

ட்ரயல்ஸுக்கென்றே செய்கிற ஃப்ரீவீல்கள் வேறு சாதி. அமெரிக்காவில் வைட் இண்டஸ்ட்ரீஸ் செய்வது ஒரு சுற்றில் 72 இடத்தில் பிடிக்கிறது, 108 இடத்தில் பிடிப்பவையும் இருக்கின்றன. 72 என்றால் எங்கள் கியரில் பெடல் வெறுமையாகப் போவது 12 மில்லிமீற்றர், 108 என்றால் 8. பெரிய ஓட்டக்காரர் பலர் ஃப்ரீவீலைப் பின்னால் வைக்காமல் முன் கிராங்கிலேயே வைக்கிறார்கள். அதற்குத் தனிக் கிராங்க், தனிச் சில்லு எல்லாம் வேண்டும், அது எங்கள் கனவிலும் இல்லை. 72 ஒன்றின் விலையே 100 டொலருக்குக் குறையாது. 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபா. நாங்கள் கேட்கப் போன நேரம் 300. முப்பதாயிரம் ரூபாவுக்கு மேல், ஒரு உள்ளங்கை அளவு இரும்புக்கு!

மூன்றாகப் பிரித்தால் பத்தாயிரம். எங்கள் இரண்டு பேருக்கும் மகாபொலக் காசும் ட்யூஷன் கொடுத்த காசும். மூன்றாமவனுக்குத்தான் சிக்கல். தையல் போட்டவன் அவன், சைக்கிள் நிற்கும் வீடு அவனுடையது, கட்டாருக்குப் போக ஏஜென்சிக்குக் காசு கட்டியவனும் அவன்தான். இரண்டு மாதத்தில் போகப்போகிறவன் இதற்கு ஏன் பங்கு போட வேண்டும்? வேண்டாம் மச்சான் என்றோம். "நான் இருக்கிற ரெண்டு மாசமும் ஓடணும்டா" என்றான். அவன் உம்மாவிடம் அந்த 4 சென்ரிமீற்றர், 12 மில்லிமீற்றர் கணக்கை எல்லாம் கொப்பியோடு கொண்டுபோய்க் காட்டினோம். அவர் கொப்பியைப் பார்க்கவில்லை, மகனைப் பார்த்தார். ஹெல்மெட் போட்டால், கல்லில் ஓடாமல் மண்ணில் மரப்பலகை போட்டு ஓடினால், சைக்கிள் நிற்கலாம் என்றார். போகப்போகிற பிள்ளை என்பதால்தான் சம்மதித்தார் என்று நினைக்கிறோம், எங்கள் கணக்குக்காக இல்லை.

72 கிளிக் ஃப்ரீவீல் வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த ஒரு சொந்தக்காரரின் பெட்டியில் உடுப்புகளுக்கு நடுவே வந்தது. நானா அதைக் காதில் வைத்துச் சுற்றினார். தும்பி பறக்கிற மாதிரிச் சத்தம். காசு வாங்காமல் பூட்டித் தந்தார். மிதித்த உடனே பிடிக்கிறது என்பதைப் பழக எங்களுக்கு ஒரு கிழமை எடுத்தது. காலுக்கு அந்த 4 சென்ரிமீற்றர் பழகிப்போய், இல்லாத பள்ளத்தில் இறங்கப் பார்த்தது.

அவன் இப்போது கட்டாரில். பங்கைத் திருப்பித் தருகிறோம் என்றால் வேண்டாமாம், எண்ணெய் விட்டீங்களா என்று மட்டும் வெள்ளிக்கிழமைகளில் வொய்ஸ் அனுப்புகிறான். செயினும் இழுபட்டுவிட்டது, ஃப்ரீவீல் பல் தேயுமுன் அதை மாற்ற வேண்டும். சைக்கிள் இன்னும் அவன் வீட்டில்தான் நிற்கிறது. எண்ணெய்ப் போத்தல் முடிந்தால் உம்மா தன் தையல் மெஷின் லாச்சியைத் திறந்து எடுத்துத் தருகிறார்.