கடலின் கொள்வினை கொடுப்பினை

எமது ஊராகிய மாத்தூர் கடற்கரையூர் அன்று. மணலி ஆலைகளுக்கு மேற்கே அமைந்தது. ஆயினும், தென்மேற்குப் பருவத்தில் அவ்வாலைகளின் புகை கீழ்த்திசை சாய்ந்து கடலை நோக்கிச் செல்லுதலை யாம் பன்முறை கண்டுள்ளோம். “கடல் பெரிது, எதனையும் ஏற்கும்” என்பர் எம்மூரார். இக்கூற்று முற்றும் மெய்தானோ என ஆராயப் புகுந்தோம்.

தமிழ் பயில்வார்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு எனின், கூறுதும். முகில் முகந்த நீர் மலையிற் பொழிந்து மீண்டும் கடல் சேர்தலைப் புகார்த் துறைமுகத்தின் ஏற்றுமதி இறக்குமதிக்கு உவமையாக்கியது பட்டினப்பாலை. ஆதலின், கடலுக்குக் கொள்வினையும் கொடுப்பினையும் உண்டென்பது நமக்குப் புதிதன்று.

மக்கள் வெளிவிடும் கரியமிலவாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் ஏற்கின்றது. அவ்வாயு தன் அழுத்தம் மிக்க இடத்தினின்று குறைந்த இடத்திற்குச் செல்லும் இயல்பினது. மேல்நீரில் வாழும் நுண்பாசிகள் அதனை உண்டு வளர்ந்து, மடிந்து, ஆழத்தில் அமிழ்ந்து சிதைகின்றன. அதனால் ஆழ்நீரில் அவ்வாயு மிகுகின்றது. அந்நீர் மேலெழுமிடத்துக் கடல் வாயுவைக் காற்றுக்குக் கொடுத்தல் பெரும்பான்மை.

இதற்கு நம் நாட்டின் இருபுறத்துக் கடல்களே சான்று. தென்மேற்குப் பருவக்காற்று சோமாலியா, ஓமான் கரைகளில் மேல்நீரை அகற்ற, குளிர்ந்த ஆழ்நீர் எழுகின்றது, அரபிக்கடல் கொடுப்பதாகின்றது. வங்கக்கடலிலோ, கங்கையும் பிரமபுத்திராவும் ஐராவதியும் சொரியும் நன்னீர், உவர்நீரின்மேல் மூடிபோற் பரந்து ஆழ்நீரை எழவொட்டாது தடுக்கின்றது. அந்நன்னீரை வடகிழக்குப் பருவத்தில் தெற்கே பாயும் கரையோர நீரோட்டம் நம் சென்னைக்கரை வரை கொணர்கின்றது. ஆகலின், வங்கத்தின் வடபகுதி வாயுவைக் கொள்ளும் இயல்புடையதாயிற்று.

எனினும், அம்மூடியே தீங்கிற்கும் இடந்தருகின்றது. ஆழ்நீரோடு எளிதிற் கலவாத மெல்லிய மேல்நீரில் வீழ்வது விரைவிற் கரைந்து அகலாது. விசாகப்பட்டினத்துக் கடலாராய்ச்சியாளர் 1991-ஆம் ஆண்டு அளவுகளை 2011-ஆம் ஆண்டு அளவுகளோடு ஒப்பிட்டு, வங்கக்கடலின் வடமேற்குக் கரையோர நீரில் புளிப்பும் கரியமிலவாயுவும் மிகுந்தமையைக் கண்டனர். காற்றுவழி வந்து வீழும் கந்தக, நைட்ரஜன் மாசுகளே அதற்குக் காரணமாம் என்பது அவர் துணிபு. நீரிற் புளிப்பு ஏறினால், அது தன்னுள் அடக்கிய வாயுவைத் தானே வெளிவிடும். கொள்ளுங் கடல் கொடுக்குங் கடலாக மாறும் முறை இதுவே.

கொள்வினை கொடுப்பினையில் இருதிறத்தார்க்கும் கடப்பாடு உண்டு என்பது நம் முன்னோர் நெறி. கடல் தன் கடனை இதுகாறும் வழுவாது ஆற்றியது. புகை விடுக்கும் நாம் நம் கடனை இன்னும் தொடங்கவேயில்லை. கடல் பெரிது என்பது மெய்யே. ஆயினும், நம் புகையை ஏற்கும் அதன் மேல்நீரோ மிகச் சிறிது.