தை வெள்ளியில் பெய்த பனி



மூணு வெள்ளிக்கிழமையா அன்னதானக் கூடத்துல எங்களைக் காணோம்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. முருகன் அருளால நல்லா இருக்கோம். கனடாவில், டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்திருக்கோம். போன வெள்ளி இங்கே நடந்ததை உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

வியாழன் ராத்திரி மகளோட எங்களுக்கு மனஸ்தாபம். "கடைசியா எப்பம்மா கோயிலுக்குப் போனே?"ன்னு கேட்டோம். யோசிச்சு, "தீபாவளிக்கு முன்னாடி"ன்னு சொன்னா. எங்களுக்குக் கோபம் வந்துடுச்சு. "கோயில் கோயில்னு வளர்த்தோம், எல்லாத்தையும் விட்டுட்டியே. பேத்திக்கு என்ன தெரியப் போகுது?" என்று சொல்லிட்டோம். அவ பதில் பேசல. பாத்திரத்தைக் கழுவி வெச்சுட்டு மாடிக்குப் போயிட்டா. மருமகன்தான், "நாளைக்கு ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போகலாம் மாமா"ன்னு சமாதானம் சொன்னார்.

மறுநாள் தை வெள்ளி. அங்கே இரவு 7.30, இங்கே காலை 6.30. நம்ம கோயில் அபிஷேகத்தைக் கைப்பேசியில் நேரலையா பார்த்து, கும்பிட்டு எழுந்தோம். ஜன்னல் திரையை விலக்கினா ரோடு எது, வாசல் எதுன்னு தெரியல. எல்லாம் வெள்ளை. பள்ளி பஸ் ரத்துன்னு தகவல் வந்துச்சு. பேத்திக்கு ஒரே குஷி. "இன்னிக்கு கார் எடுக்க முடியாதுப்பா"ன்னு மகள் சொன்னப்போ, இதுவும் ஒரு சாக்குதான்னு எங்க மனசு சொல்லுச்சு. தப்பா நினைச்சோம்.

கொஞ்ச நேரத்துல தடி கோட்டு, பூட்ஸ் மாட்டிக்கிட்டு, பனி அள்ளுற ஷவலோட அவ வெளியே போனா. ஜன்னல்ல நின்னு பார்த்தோம். எங்க வாசலைத் தொடவே இல்லை. முழங்கால் அளவு பனியில் நடந்து நேரா பக்கத்து வீட்டுக்குப் போனா. அங்கே எண்பது வயசு தாண்டிய இத்தாலிக்காரப் பாட்டி தனியா இருக்காங்க. கால்ல ஆறாத புண். வெள்ளிக்கிழமை நர்ஸ் வந்து கட்டு மாத்தணும். வழி இல்லைன்னா நர்ஸ் உள்ளே வர முடியாது. பாட்டியே கதவைத் திறந்து படியில் கால் வெச்சா, வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு போயிடும்.

நாங்களும் உடுத்திக்கிட்டு இறங்கினோம். வெளியே மைனஸ் 12. மூச்சு விட்டா புகை. "அப்பா, நீங்க தூக்காதீங்க!"ன்னு அங்கிருந்தே கத்தினா. எங்கள்ல ஒருத்தருக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சிருக்கு. குளிர்ல இரத்தக் குழாய் சுருங்கும், அந்த நேரத்துல பாரம் தூக்கினா இதயத்துக்கு ஆபத்தாம். பார்க்க பஞ்சு மாதிரி இருக்கு. ஆனா ரோட்டைச் சுத்தம் பண்ணுற வண்டி வாசல் முனையில் ஒதுக்கிட்டுப் போன குவியல், ஈர சிமெண்ட் மாதிரி கனம். அதனால எங்களுக்குக் கிடைச்ச வேலை, படியில் உப்பு தூவுறது. உப்பு பட்டா பனி உருகும், சீக்கிரம் திரும்ப உறையாது. கூடத்துல சாம்பாருக்கு உப்பு போட்ட கை, கனடாவுல படிக்கு உப்பு போட்டுச்சு!

"எத்தனை நாளா இதைச் செய்யுறே?"ன்னு கேட்டோம்.

"இங்க குடி வந்த வருஷத்துலேர்ந்து."

"எங்ககிட்ட சொன்னதே இல்லையே?"

"சொல்றதுக்கு என்னப்பா இருக்கு? கோயில்ல எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் எங்களுக்கு இலை போடுவீங்க. பசிக்குதுன்னு அழுதாலும் விட மாட்டீங்க. அதுவே பழகிடுச்சு."

எங்களுக்குப் பேச்சே வரல. உப்பைத் தூவிக்கிட்டே நின்னோம்.

எங்க வாசலைச் சுத்தம் பண்ணி முடிக்கும்போது மணி பத்து. அதுக்குள்ள நர்ஸ் வந்துட்டாங்க. தை வெள்ளியாச்சே, கோலம் போடலாம்னா வெள்ளைப் பனி மேல மாவு தெரியுமா? பேத்தி கையுறை விரலாலேயே பனியில் கோலம் கீறினா. நாலு கோடு கோணல்தான், ஆனா அழகு. குக்கர்ல சர்க்கரைப் பொங்கல் வெச்சு, அடுப்படி அலமாரியில் இருக்கிற முருகன் படத்துக்குப் படைச்சோம். சாம்பிராணி போட்டா புகை அலாரம் அலறும், விளக்கு மட்டும்தான். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு ஒரு கிண்ணம் போச்சு.

ராத்திரி மகளைக் கூப்பிட்டு, "நேத்து பேசினது எங்க தப்பும்மா"ன்னு சொன்னோம். அவ கண் கலங்கிடுச்சு. "நானும் அடிக்கடி கோயிலுக்குப் போகணும்ப்பா. அங்க போனா வீட்டு ஞாபகம் வந்து அழுகை வருது, அதான் போறதில்லை"ன்னு சொன்னா. நாங்க நினைச்ச காரணம் எல்லாம் வேற.

கோயிலுக்குப் போக வேண்டாம்னு நாங்க சொல்ல வரல. ஞாயிற்றுக்கிழமை ரோடு சரியானதும் குடும்பமா பிள்ளையாரைப் போய்க் கும்பிட்டோம். ஆனா நம்ம கோயில்ல ரொம்ப நாள் கழிச்சு வர்ற பிள்ளைங்ககிட்ட, "இப்பதான் வழி தெரிஞ்சுதா?"ன்னு நாங்களே எத்தனையோ தடவை கேட்டிருக்கோம். இனிமே கேக்க மாட்டோம். "வாம்மா, சாப்பிட்டியா?"ன்னு மட்டும் கேப்போம். நீங்களும் அப்படியே கேளுங்க.

அடுத்த மாசம் வந்துடுவோம். வெள்ளி சாயங்காலம் காய்கறி நறுக்க எங்க கத்தியை எடுத்து வெச்சிருங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🙏