இடுப்புக்கு ஏறிய வலி

திங்கள்

பூம்பாறை, மன்னவனூர் தாண்டிக் கவுஞ்சி. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீடு தேடி வராவிட்டால் இந்த அக்கா பிசியோதெரபிக்கென்று மலையிறங்கப் போவதில்லை. பூண்டுக்குக் களையெடுக்கும்போது பிடித்த இடுப்பு. வலி இடது கெண்டைக்கால் வரை இறங்குகிறது.

“ஜவ்வு விலகிருச்சாம் தம்பி. ஸ்கேன் எடுக்கணுமாமே?”

ஒன்றுக்கு அடக்க முடியாமல் போகிறதா, உட்காரும் இடம் மரத்திருக்கிறதா, காய்ச்சல் உண்டா, உடம்பு இளைத்ததா? முதுகெலும்புக் காசநோய் நம் நாட்டைவிட்டுப் போய்விடவில்லை. கேட்காமல் கை வைப்பதில்லை. எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்கால் மடங்காமல் காலைத் தூக்கினேன். 40 டிகிரியில் கெண்டைக்கால் சுண்டியது. 30-க்கும் 70-க்கும் இடையில் இப்படி இழுத்தால் நரம்புவேர் நெரிபடுகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். ஆனால் பெருவிரலில் பலம் இருக்கிறது, குதிகாலால் நடக்கிறார். ஸ்கேனுக்கு அவசரமில்லை. வலியே இல்லாத ஐம்பது வயதுக்காரர்களை எடுத்துப் பார்த்தாலும் பாதிக்கு மேல் டிஸ்க் புடைப்பு தெரியும்; அந்தப் படத்தைப் பார்த்துப் பயந்து படுத்தவர்கள்தான் அதிகம்.

குப்புறப் படுத்து, கையூன்றி நெஞ்சைத் தூக்கும் பயிற்சியைக் காட்டிக்கொடுத்தேன்.

புதன்

மகனிடமிருந்து போன். “சார், அம்மாவுக்கு இடுப்புல வலி கூடிருச்சு. நிறுத்திரட்டுமா?”

“கால்ல?”

“முழங்காலுக்குக் கீழ இல்லையாம்.”

நல்ல செய்தி! காலிலிருந்து வலி இடுப்புக்கு ஏறினால் குணமாகும் வாய்ப்பு அதிகம். 1956-ல் வெலிங்டனில் (நீலகிரி வெலிங்டன் இல்லை, நியூசிலாந்து) பிசியோதெரபிஸ்ட் ராபின் மெக்கென்சியிடம் கால்வலியோடு வந்த ஒருவர், தலைப்பக்கம் உயர்த்தியிருந்த மேசையில் குப்புறப் படுத்துவிட்டார். முதுகு பின்னால் வளைந்து கிடந்தது. எழுந்தபோது கால்வலி இல்லை. ஒரு சிகிச்சை முறையே அதிலிருந்து வளர்ந்தது. எல்லோருக்கும் இந்த வளைவு ஒத்துவராது. சிலருக்கு வலி காலில் இன்னும் கீழே இறங்கும், அப்போது உடனே நிறுத்திவிட வேண்டும். அக்காவுக்கு அப்படி இறங்கவில்லை; நிறுத்த வேண்டாம் என்றேன்.

திங்கள்

யாரோ “வேலைக்கே போகாதே” என்றிருக்கிறார்கள். களையை யார் எடுப்பது? பாத்தி முடியும்போதெல்லாம் நிமிர்ந்து, இடுப்பில் கைவைத்துப் பின்னால் வளையச் சொன்னேன்.

“வேலையவிட்டுட்டு வானத்தையே பாக்குறா,” என்றார் அவர் வீட்டுக்காரர். அவரையும் வளையச் சொன்னேன். பாதியில் “அம்மா!” என்றார்.

கால் 60 வரை வருகிறது. அடுத்த முறை குனிந்து தூக்குவதைப் பழக்க வேண்டும். பூண்டு மூட்டை காத்திருக்காது.