ஓரத்திலிருந்து

தொண்ணூறுகளில் அப்பா வெள்ளானூரில் மனை வாங்கியபோது வீட்டைச் சுற்றி வயல்தான். நடுவில் ஒரு பம்ப்செட் கிணறு. ராத்திரி கரண்ட் போனால் பாயைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் மொட்டை மாடிக்குப் போய்விடுவோம். வடக்கே தனியாக நின்ற பனைமரத்தைக் காட்டி அப்பா சொல்வார்: "அதுக்கு நேர் மேல பாரு. தனியா ஒண்ணு நிக்குதே, அதான் துருவன்."

துருவன் உச்சியில் நிற்கும் நட்சத்திரம் என்று பல பேர் நினைக்கிறார்கள். அது வட துருவத்தில் இருப்பவர்களுக்கு. நாம் இருப்பது ஏறக்குறைய 13 டிகிரி அட்சரேகை. அதனால் துருவனும் வடக்கு அடிவானத்திலிருந்து 13 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். கையை முழுக்க நீட்டி முஷ்டியை மடக்கினால் சுமார் 10 டிகிரி. அடிவானத்துக்கு மேல் ஒரு முஷ்டி, அதற்கு மேல் இரண்டு விரல். அவ்வளவுதான். நம்ம ஊர் வானத்தில் துருவன் ஒரு ஓரத்து நட்சத்திரம்.

போன டிசம்பரில் ஜெமினிட் எரிகற்களைப் படம் பிடிக்கும் ஆசையில் செகண்ட் ஹேண்டில் ஒரு 8 மில்லிமீட்டர் ஃபிஷ்ஐ லென்ஸ் வாங்கினேன். எரிகல் எந்தத் திசையில் விழும் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு பக்கம் கேமராவைத் திருப்பி வைத்தால் மறுபக்கம் விழும். ஃபிஷ்ஐக்கு அந்தக் கவலை இல்லை. மல்லாக்க வைத்துவிட்டால் 180 டிகிரி, அதாவது வானம் மொத்தமும், ஒரே வட்டமாகப் படத்துக்குள் வந்துவிடும்.

சாதாரண லென்ஸால் ஏன் இது முடியாது? அது நேர்க்கோட்டை நேர்க்கோடாகவே காட்டப் பார்க்கும். அதற்காகப் படத்தின் ஓரங்களை இழுத்துக்கொண்டே போகவேண்டும். நடுவிலிருந்து 90 டிகிரி தள்ளி இருக்கும் அடிவானத்தைக் காட்ட முடிவில்லாத அகலம் கொண்ட சென்சார் வேண்டும். ஃபிஷ்ஐ நேர்க்கோட்டைக் கைவிட்டுவிடுகிறது. கட்டடம் வளையட்டும், கம்பம் சாயட்டும், ஆனால் ஒன்றும் வெளியே போகக்கூடாது என்பதுதான் அதன் கணக்கு.

பெயரும் சும்மா வைத்ததில்லை. 1906இல் ராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் தண்ணீருக்குள்ளிருந்து மீன் பார்த்தால் வெளியுலகம் எப்படித் தெரியும் என்று யோசித்தார். தண்ணீர் நிரப்பிய வாளியையே கேமராவாக்கிப் படமும் எடுத்தார். வெளியே 180 டிகிரிக்குப் பரந்து கிடப்பதெல்லாம் ஒளிவிலகலால் சுமார் 97 டிகிரி கூம்புக்குள் சுருங்கி மீனிடம் வந்து சேர்கிறது. இதைப் படித்தபோது எனக்கு எங்கள் பம்ப்செட் கிணறுதான் ஞாபகம் வந்தது. முங்கி மல்லாந்து மேலே பார்த்தால் ஒரு வெளிச்ச வட்டம். அதன் விளிம்பில் கிணற்றுச் சுவரும் மரமும் கரையில் நிற்கும் அப்பாவும் வளைந்து தெரிவார்கள். 1924இல் ராபின் ஹில் என்ற ஆங்கிலேயர் மேகங்களை மொத்தமாகப் படம் பிடிக்க ஒரு கண்ணாடி லென்ஸை விவரித்து எழுதினார். இன்றைய ஃபிஷ்ஐகளின் முன்னோடி அதுதான்.

ஒரு குறையும் உண்டு. 8 மில்லிமீட்டர் குவியத்தில் எஃப் 3.5 என்றால் ஒளி நுழையும் வாசல் 2.3 மில்லிமீட்டர்தான். இருட்டில் விரிந்த இளவயதுக் கண்ணின் பாப்பா 7 மில்லிமீட்டர் வரை போகும். அதனால் மங்கலான நட்சத்திரங்களைத் தேடிப் பிடிப்பது இதன் வேலையில்லை. நீண்ட நேரம் திறந்து வைத்து ஈடுகட்டலாம். 500ஐக் குவியத்தால் வகுத்தால் கிடைக்கும் விநாடிகள் வரை நட்சத்திரம் கோடாக இழுபடாது என்று ஒரு வாய்ப்பாடு உண்டு. இதற்கு அறுபது விநாடி சொச்சம் வருகிறது. எங்கள் மாடியில் பதினைந்து விநாடியிலேயே வானம் வெளுத்துப்போனது.

முதல் ராத்திரி நாலு கோடுகள் விழுந்தன. இரண்டு விமானம், இரண்டு எரிகல். அவற்றை விட்டுவிட்டு நான் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெற்கே ஆவடி, தென்கிழக்கே சென்னை, இன்னொரு பக்கம் வெளிவட்டச் சாலை என்று விளிம்பு முழுக்க வெள்ளை. நடுவில் மட்டும் மிருகசீரிடமும் ரோகிணியும். சுற்றிலும் பால் கொட்டின மாதிரி. துருவன் இல்லை. பெரிதாக்கியும் கிடைக்கவில்லை.

வருஷக்கணக்காக மாடிக்குப் போகிறேன். தலையைத் தூக்கினால் நேர் மேலே நாலு நட்சத்திரம் தெரியும். 'பரவாயில்லை, இங்க இன்னும் தெரியுது' என்று இறங்கிவிடுவேன். போனது ஓரம். ஓரத்தை யாரும் பார்ப்பதில்லை.

அதே மாசம்தான் அப்பா மாடிப்படியில் விழுந்தார். அடி பெரிதாக இல்லை. ஆனால் கொஞ்ச நாளாகவே கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்கிறார், பக்கத்தில் வைத்த டம்ளரைத் தட்டிவிடுகிறார். வயசு என்று நினைத்துக்கொண்டோம். கண் ஆஸ்பத்திரியில் ஒரு அரைக்கோளக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் ஒரு புள்ளியையே பார்க்கவேண்டும். சுற்றி எங்காவது வெளிச்சப் புள்ளி மின்னினால் கையிலிருக்கும் பட்டனை அழுத்தவேண்டும். நான் கதவோரம் நின்று பார்த்தேன். நட்சத்திரங்கள் மாதிரி ஒவ்வொன்றாக மின்னின. அப்பா அழுத்தவே இல்லை. ரொம்ப நேரம் அழுத்தவே இல்லை.

கிளாக்கோமா. கையில் கொடுத்த தாளில் வட்டத்தின் நடு வெள்ளையாக இருந்தது, ஓரம் முழுக்கக் கறுப்பு. "இவ்வளவு போயும் எப்படி சார் தெரியாம இருந்தது?" என்று கேட்டேன். ஓரத்தில் போன பார்வையை மூளை இட்டு நிரப்பிவிடும், அந்த இடம் கறுப்பாகத் தெரியாது, அதனால் நடுப்பார்வை கெடும்வரை பல பேர் வருவதே இல்லை என்றார் டாக்டர். போனது திரும்பாது. இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம்.

அன்று ராத்திரி அந்தத் தாளையும் என் வானப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் வட்டம். அவருடையதில் ஓரத்தைத் தின்றது கறுப்பு, என்னுடையதில் வெள்ளை.

அப்பா விழுந்த மறுநாளே மாடிப்படி உச்சியில் ஒரு எல்ஈடி ஃப்ளட் லைட் மாட்டியிருந்தேன். அடுத்த முறை கேமரா வைத்தபோது வட்டத்தின் ஓரத்திலேயே பளிச்சென்று இருந்தது சென்னையில்லை. எங்கள் வீட்டு விளக்கு. அணைக்க மனசு வரவில்லை. எரிகல் வேண்டுமா, அப்பாவின் இடுப்பெலும்பு வேண்டுமா என்றால் என்ன சொல்வது?

அப்பாவே ஒருநாள் சொன்னார்: "அந்த லைட்டு கண்ணுல குத்துதுடா. படியே தெரியல."

கிளாக்கோமா இருப்பவர்களுக்குக் கூசும் வெளிச்சம் பெரிய தொல்லை. எனக்கு அது தோன்றவேயில்லை. ஃப்ளட் லைட்டைக் கழற்றிவிட்டு, படிக்குப் படி கீழ்நோக்கி மட்டும் விழுகிற மாதிரி மூடி போட்ட சின்ன மஞ்சள் விளக்குகளை மாட்டினோம். அப்பா இப்போது சுவரைப் பிடிக்காமல் ஏறுகிறார். படத்திலும் எங்கள் வீடு இருண்டுவிட்டது.

லடாக்கின் ஹான்லேயில் இதையே ஊர்கூடிச் செய்கிறார்கள். 2022இல் அந்தப் பகுதியை இருள்வானக் காப்பகமாக அறிவித்தார்கள். அங்கே இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் முழுவானக் கேமராக்கள் ராத்திரி முழுக்க இதே ஃபிஷ்ஐ வட்டத்தைப் படம் பிடிக்கின்றன. 2024 மே 10, 11 ராத்திரியில் பெரிய சூரியப் புயல் வந்தபோது அந்த வட்டத்தில் சிவப்பாக துருவ ஒளி பதிவானது. வடக்கு ஓரத்தில்தான். ஓரம் வெளுத்திருந்தால் அது வந்ததே தெரிந்திருக்காது. வெள்ளானூர் ஹான்லே ஆகப் போவதில்லை. ஆனால் கண்ணுக்கும் வானத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. வானத்தில் போன ஓரம், விளக்கை மூடினால் அந்த நிமிஷமே திரும்பி வரும்.

இந்த மே மாதம் மழை பெய்து ஓய்ந்த ஒரு ராத்திரி, ஒன்பது மணிக்கு மறுபடி வைத்தேன். அந்த நேரத்தில் தெற்கே திரிசங்கு நேராக நிமிர்ந்து நிற்கும், வடக்கே சப்தரிஷி உயர்ந்திருக்கும். நாற்பது படங்களை ஒன்றாக அடுக்கி, வெளுப்பைக் கழித்துப் பார்த்தபோது ஒரு ஓரத்தில் திரிசங்கின் இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள், எதிர் ஓரத்தில் ஒரு அபார்ட்மெண்ட் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே அரிசி நொய் அளவுக்குத் துருவன். இரண்டும் ஒரே படத்தில்.

லேப்டாப்பை மாடியிலேயே அப்பாவிடம் காட்டினேன். கிட்டத்தில் குனிந்து பார்த்தார். அவருக்கு நடு இன்னும் நன்றாகத் தெரிகிறது. அதனால் துருவனை இழுத்து நடுவில் வைத்தேன்.

"இதுவா?"

"ஆமாப்பா."

கொஞ்ச நேரம் பார்த்தார். "பனை எங்கடா?"

"அதை வெட்டி ரொம்ப வருஷம் ஆச்சேப்பா."

"அப்படியா? நான் கவனிக்கவே இல்லையே. எப்ப வெட்டுனாங்க?"

யோசித்துப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை.

பத்து மணிக்குச் சொட்டு மருந்து விடவேண்டும். அப்பா முன்னால் இறங்கினார். நான் கேமராவை அங்கேயே விட்டுவிட்டுப் பின்னால் போனேன்.