தீப்பற்றிய வீடு

வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து செருகப்பட்டிருந்தால் அந்த வீட்டில் அம்மை கண்டிருக்கிறது என்பதைத் தமிழ்நாட்டின் தெருக்கள் அறிந்துகொள்ளும். அயலார் உள்ளே செல்லத் தயங்குவர். வீட்டாரும் வெளியே செல்வதைத் தவிர்ப்பர். வேப்பிலை நோயைத் தீர்த்ததா என்பது வேறு கேள்வி. நோய் எந்த வீட்டில் இருக்கிறது என்பதை அது ஊருக்கு அறிவித்தது. கொள்ளைநோய் ஒன்றை வெல்ல முதலில் தெரிந்திருக்க வேண்டியதும் அதுவே. எளிமையாகத் தோன்றும் இவ்வுண்மையின் முழு ஆற்றலை உணர உலகுக்கு நெடுங்காலம் ஆயிற்று.

எண்ணிக்கையின் மயக்கம்

பெரியம்மை வேரியோலா என்னும் வைரசால் உண்டாவது. அதன் கொடிய வகைக்கு ஆளானோரில் ஏறத்தாழப் பத்தில் மூவர் மாண்டனர். பிழைத்தோர் வாழ்நாள் முழுதும் தழும்புகளைச் சுமந்தனர். பார்வையை இழந்தோரும் உண்டு. 1796இல் எட்வர்டு ஜென்னர் தடுப்பு முறையை நிறுவிக் காட்டினார். அதன்பின் ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் நோய் ஒழியவில்லை.

இந்தியா 1962இல் தேசியப் பெரியம்மை ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அனைவருக்கும் அம்மை குத்திவிட்டால் நோய் தானே மறையும் என எதிர்பார்க்கப்பட்டது. கோடிக்கணக்கானோருக்குத் தடுப்பூசி போடப்பட்டது, பதிவேடுகள் நிறைந்தன. ஆனால், எளிதில் எட்டக்கூடிய பள்ளிப் பிள்ளைகளுக்கே மீண்டும் மீண்டும் போடப்பட்ட ஊசிகளும் அந்தக் கணக்கில் அடங்கியிருந்தன. கைக்குழந்தைகளும், பிழைப்புத் தேடி இடம்பெயர்ந்தோரும், ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் வாழ்ந்தோரும் விடுபட்டனர். பதிவேடு மறந்தவர்களை வைரஸ் மறக்கவில்லை.

வளையம்

1966ஆம் ஆண்டின் இறுதியில் கிழக்கு நைஜீரியாவில் பெரியம்மை பரவத் தொடங்கியது. அங்கே பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஃபேகியிடம் எல்லோருக்கும் போதுமான தடுப்பூசி இல்லை. இருப்பதைக் கொண்டு என்ன செய்வது? அவர் அப்பகுதியின் வரைபடத்தை விரித்தார். வானொலித் தொடர்பு வைத்திருந்த சமயப் பணியாளர்களிடம், எந்தெந்த ஊரில் நோய் தென்படுகிறது என விசாரித்தார். நோயாளி இருந்த ஊர்களிலும், அங்கிருந்து மக்கள் செல்லக்கூடிய சந்தைகளையும் உறவூர்களையும் சார்ந்த இடங்களிலும் முதலில் ஊசி போடச் செய்தார். சில மாதங்களில் அங்கு நோய் அடங்கியது.

இந்த உத்தி பலித்ததற்கு வைரசின் இயல்பே காரணம். பெரியம்மைக்கு மனிதரன்றி வேறு புகலிடம் இல்லை. தொற்றியபின் ஏறத்தாழ 12 நாள்கள் அது உடலுக்குள் மறைந்திருக்கும். அந்நாள்களில் நோய் பிறருக்குப் பரவுவதில்லை. காய்ச்சலைத் தொடர்ந்து கொப்புளங்கள் தோன்றும்போது, அவையே நோயாளியை அடையாளம் காட்டிவிடும். வைரஸ் உட்புகுந்த மூன்று நான்கு நாள்களுக்குள் ஊசி போட்டாலும் பெரும்பாலும் பாதுகாப்புக் கிட்டும். எனவே நோயாளியைச் சுற்றியுள்ளோர் அனைவரையும் காலத்தே காத்துவிட்டால், வைரஸ் அடுத்த உடலைத் தேடி முடியாமல் அழிகிறது.

ஒரு மாதத் தவணை

1973இல் இந்தியாவில் பெரியம்மை பெரும்பாலும் உத்தரப்பிரதேசம், பீகார், மேற்கு வங்காளம், மத்தியப்பிரதேசம் ஆகிய மாநிலங்களில் ஒடுங்கியிருந்தது. தென்மாநிலங்கள் முன்னரே விடுபட்டிருந்தன. சென்னைத் தொற்றுநோய் மருத்துவமனையில் நெடுங்காலம் பெரியம்மையை ஆராய்ந்த மருத்துவர் ஏ. இராமச்சந்திர ராவ், அந்நோயைக் குறித்து எழுதிய நூல் 1972இல் வெளியாகியிருந்தது.

அவ்வாண்டு அக்டோபரில் வடமாநிலங்களில் வீடுதோறும் தேடும் பணி தொடங்கியது. பணியாளர்கள், அம்மை கண்ட குழந்தையின் படம் பதித்த அட்டையைக் கையில் ஏந்திச் சந்தைகளிலும் பள்ளிகளிலும் விசாரித்தனர். அதுவரை பதிவேட்டில் ஏறாத நோயாளிகள் ஆயிரக்கணக்கில் கண்டறியப்பட்டனர். தேடத் தேட எண்ணிக்கை பெருகியது. 1974இல் நாடு முழுவதும் பதிவான நோயாளிகள் ஏறத்தாழ 1 இலட்சத்து 88 ஆயிரம் பேர். திட்டம் தோற்றுவிட்டதாகப் பலர் கருதினர். உண்மையில், மறைந்திருந்த நோயே அப்போது கண்ணுக்குப் புலப்பட்டது.

அவ்வாண்டின் கோடையில் பீகாரில் நடந்த கூட்டத்தை ஃபேகி பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். மாநில அமைச்சர் பொறுமை இழந்திருந்தார். வளைய முறையைக் கைவிட்டு, மீண்டும் எல்லோருக்கும் ஊசி போடும் பழைய முறைக்கே திரும்பப் போவதாக அறிவித்தார். அப்போது இந்திய மருத்துவர் ஒருவர் எழுந்தார். தம் ஊரில் ஒரு வீடு தீப்பற்றினால் எரிகின்ற வீட்டின் மேல்தான் நீரை ஊற்றுவார்களே அன்றி, எல்லா வீடுகளின் மேலும் ஊற்றமாட்டார்கள் என்றார். அமைச்சர் மேலும் ஒரு மாதம் தவணை அளித்தார். அம்மாதத்திற்குள் நோய் இறங்குமுகம் கண்டது.

அந்தத் தவணைக்குப் பின்னால் பெயர் அறியப்படாத பல்லாயிரம் பணியாளரின் கால்நடை இருந்தது. இரு முனை ஊசி அவர்களுடைய கருவி. சில நிமிடங்களில் கற்றுக்கொள்ளத்தக்கது, மருந்தையும் மிச்சப்படுத்துவது. நோய் கண்ட வீட்டின் வாயிலில் இரவும் பகலும் காவல் இருத்தப்பட்டது. வீட்டார் வெளியே செல்ல நேராதவாறு உணவு கொடுக்கப்பட்டதும் உண்டு. புதிய நோயாளியைப் பற்றித் தகவல் தருவோர்க்குப் பரிசுத்தொகை அறிவிக்கப்பட்டது. சில இடங்களில் விருப்பமில்லாதவர்க்கு வலிந்து ஊசி போட்ட நிகழ்வுகளும் நடந்தன. வெற்றியைப் பேசும்போது அந்தக் காயத்தையும் மறைக்கலாகாது. அஞ்சியவர் நோயை ஒளிப்பர். ஒளித்த நோயே வளையத்தைத் தாண்டும்.

1975 மே மாதத்தில் அசாமின் கரீம்கஞ்சு பகுதியில் இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளி கண்டறியப்பட்டார். இயற்கையாகத் தொற்றிய உலகின் கடைசி நோயாளி, 1977 அக்டோபரில் சோமாலியாவின் மெர்க்கா நகரில் கண்டறியப்பட்டார். 1980 மே 8 அன்று உலகச் சுகாதாரப் பேரவை பெரியம்மை ஒழிந்ததாக அறிவித்தது.

அடுத்த தீ

எல்லா வைரசும் பெரியம்மையைப் போலத் தன்னைக் காட்டிக்கொடுப்பதில்லை. கொரோனா வைரஸ், அறிகுறி தோன்றும் முன்னரே பிறரைப் பற்றிக்கொண்டது. அத்தகைய நோய்க்கு வளையம் ஒன்று மட்டும் போதாது. முகக்கவசமும், பரிசோதனையும், தனித்திருத்தலும், பரவலான தடுப்பூசியும் வேண்டியிருந்தன. ஆயினும் 2015இல் கினி நாட்டில் எபோலா தடுப்பூசியைச் சோதித்தபோது, நோயாளியின் தொடர்பில் இருந்தோரைத் தேடி ஊசி போடும் பழைய வளைய முறையே பின்பற்றப்பட்டது. அங்கும் அது நற்பயன் தந்தது.

நீர் எப்போதும் குறைவாகவே இருக்கும். அதை எங்கே ஊற்றுவது என்று அறிய, எரியும் வீட்டைத் தேடிச் செல்லும் கால்கள் வேண்டும். அந்தக் கால்களுக்கு அச்சமின்றித் திறக்கும் கதவும் வேண்டும். வேப்பிலை செருகிய வாசல், தன் வீட்டின் துன்பத்தை ஊருக்கு மறைக்கவில்லை. அந்தத் துணிவும், அதை மதிக்கும் சமூகமும் உள்ளவரை, அடுத்த தீயையும் அணைக்க முடியும்.